பதினேழாம் திகதி வேலை நாள்

சீனப் புத்தாண்டு என்று யாராவது சிரித்த முகத்தோடு சொன்னால் எனக்கு இப்பவும் பல்லைக் கடிக்கத்தான் வரும். சீனர்கள் மேல் கோபமில்லை. அந்தப் பண்டிகை மேலும் இல்லை. ஒஸ்லோவில் நான் வேலை செய்த முதியோர் இல்லத்தில், 2007ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம், அந்தப் புத்தாண்டை எங்கள் மேலாளர் கொண்டாடிய விதம் இருக்கிறதே, அதை நினைத்தால் இத்தனை வருஷத்துக்குப் பிறகும் நெஞ்சு கொதிக்கிறது. ஆறிப்போன கோபத்தை ஏன் எழுதுகிறாய் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் அப்போது ஒஸ்லோவின் ரொம்மன் பகுதியில் இருந்தோம். இல்லத்துக்கு ரி-பான என்கிற நகர ரயிலில் ஏறினால் கையுறையைக் கழற்றி மாட்டுவதற்குள் இறங்குமிடம் வந்துவிடும். எனக்கு இரண்டாம் மாடியில் பராமரிப்பு வேலை. முதியவர்களைக் குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, சாப்பாடு வாயில் தீத்துவது, கட்டிலில் புரட்டிப் படுக்க வைப்பது. அங்கே வேலை செய்தவர்களில் பாதிப்பேர் என்னைப்போல வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். இரண்டு பேரோடு எனக்கு நெருக்கம் கூட. ஒருத்தி சீனப்பெண், மற்றவள் வியட்நாம்காரி. மூன்று பேரும் சேர்ந்தால் கதைப்பது நோர்வேஜிய மொழியில்தான். மூன்று பேருக்கும் அது கடன் வாங்கிய மொழி என்பதால் பிழை பிடிக்க ஆளில்லாமல் நிம்மதியாகக் கதைப்போம்.

சீனத் தோழி லில்லெஸ்ட்ரோமில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை வீட்டில் தனியாக இருந்தாள். அவளுடைய வேலை நிரந்தரமில்லை. ஒப்பந்தம் மார்ச்சில் முடியும், நீட்டுவதும் விடுவதும் மேலாளர் கையில். அந்தக் குளிர்காலத்தில் அவளுடைய அப்பா விசா எடுத்து அவளைப் பார்க்க வந்திருந்தார். அம்மா செத்துச் சில வருஷம். அப்பா ஓய்வுபெற்ற ரயில் சாரதி.

ரயில் சாரதி என்பதை இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். சீனர்களுக்குப் புத்தாண்டு நாளைவிட அதற்கு முதல் நாள் பின்னேரம்தான் பெரிது. குடும்பத்தில் உள்ள எல்லோரும் எங்கே இருந்தாலும் வந்து சேர்ந்து ஒரே மேசையில் சாப்பிட வேண்டும். அந்த ஒரு சாப்பாட்டுக்காக முழு நாடும் மூட்டை முடிச்சோடு ரயிலேறும். நாடு ரயிலேறினால் யாரோ ரயிலை ஓட்டத்தானே வேண்டும்? அந்த யாரோ அவளுடைய அப்பா. அவள் சின்னப்பிள்ளையாக இருந்த காலம் முழுக்க, அந்தப் பின்னேரம் அவருக்கென்று ஒரு கிண்ணமும் குச்சியும் மேசையில் வைப்பார்களாம். அவர் மற்றவர்களை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துக்கொண்டிருப்பார். அவர் ஓய்வு பெற்றபோது அவள் நோர்வேக்கு வந்துவிட்டாள். அப்பாவும் மகளும் அந்தச் சாப்பாட்டை ஒன்றாக இருந்து சாப்பிட்டதாக அவளுக்கு நினைவே இல்லை. இந்த முறை அவர் இங்கே. அவளுடைய வேலை அட்டவணையில் அந்தச் சனிக்கிழமை தற்செயலாக விடுமுறை. ஜனவரி முழுக்க அவள் அதையே கதைத்துக்கொண்டிருந்தாள். எந்த மீன், எங்கே வாங்குவது, முழுசாக அவிக்கச் சட்டி போதுமா என்று.

திகதி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் கோபம் விளங்காது. சீனர்களின் மாதம் அமாவாசையில் தொடங்கும். பன்னிரண்டு மாதம் சேர்ந்தாலும் சூரியனுடைய வருஷத்துக்குக் கொஞ்சம் குறையும். அதனால் இடைக்கிடை ஒரு மாதத்தை இரண்டு தரம் வைத்துக் குறையை நிரப்பிவிடுவார்கள். அப்படி நிரப்பியதால்தான் முந்தின வருஷம் ஜனவரிக் கடைசியில் வந்த புத்தாண்டு 2007இல் பெப்ரவரி பதினெட்டுக்குத் தள்ளிப்போனது. எனக்கு இதை ஒருதரம் சொன்னதும் விளங்கிவிட்டது. பொங்கலும் வருஷப்பிறப்பும் எங்களுக்குச் சூரியன் கணக்கு, விரதமும் திதியும் தீபாவளியும் சந்திரன் கணக்கு. இரண்டு கணக்கையும் ஒரே கலண்டரில் வைத்துக்கொண்டு வாழ்கிற சனம் நாங்கள்.

அந்த வருஷம் இன்னொரு வேடிக்கையும் இருந்தது. “எங்களுக்குப் புத்தாண்டு சனிக்கிழமை, இவளுக்கு ஞாயிற்றுக்கிழமை” என்றாள் வியட்நாம் தோழி. அவர்களும் அதே கணக்குத்தான் பார்ப்பது, அநேகமாக இரண்டு பேருக்கும் ஒரே நாள்தான் வரும். ஆனால் அந்த முறை அமாவாசை கூடும் நேரம் அங்கே நள்ளிரவை ஒட்டி விழுந்துவிட்டது. ஹனோய் மணிக்கூடு பெய்ஜிங் மணிக்கூட்டுக்கு ஒரு மணித்தியாலம் பின்னால். ஹனோயில் அது இன்னும் சனிக்கிழமை, பெய்ஜிங்கில் ஞாயிறு பிறந்துவிட்டது. நான் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுச் சிரித்தேன். எங்கள் வீட்டில் வருஷா வருஷம் நடக்கிற கூத்து இது. யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கத்தில் ஒரு நாள் போட்டிருக்கும், ஒஸ்லோ நேரத்துக்கு மாற்றினால் இன்னொரு நாள் வரும். மேல்வீட்டில் இருந்த தமிழ்நாட்டுப் பெண் ஒவ்வொரு தடவையும் “உங்களுக்கு இன்னிக்கேவா? எங்களுக்கு நாளைக்குத்தாங்க” என்று சொல்லி என் விரதத்தில் மண்ணைப் போடுவாள். அந்த வெள்ளிக்கிழமை எங்களுக்குச் சிவராத்திரி, அடுத்த நாள் அமாவாசை. ஒரே சந்திரன்தான் எங்கள் மூன்று பேர் வீட்டு அடுப்பையும் தீர்மானித்தது.

இனி மேலாளருக்கு வருகிறேன். பெண்தான், ஆனால் அவர் என்று எழுதுவது என்னை வளர்த்த வளர்ப்பு. நோர்வேஜிய மொழியில் அவரும் எனக்கு நீதான், நானும் அவருக்கு நீதான்.

கெட்டவர் என்று சொல்ல முடியாத ஆள். அதுதான் தொல்லையே. கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம். இவர் நல்லது செய்கிற ஆள். முந்தின வருஷத் தீபாவளிக்குச் சாப்பாட்டு அறையில் பற்றரியில் எரிகிற விளக்கு வைத்து, எங்களைச் சேலை கட்டி வரச்சொல்லி, ஒரு ஆட்டமும் ஆட முடியுமா என்று கேட்டவர். இந்த முறை தன் நாட்குறிப்பில் பதினெட்டாம் திகதிக்கு நேரே சீனப் புத்தாண்டு என்று அச்சிட்டிருந்ததைப் பார்த்துவிட்டார். உடனே இரண்டு பேரையும் கூப்பிட்டு, “ஞாயிற்றுக்கிழமை உங்கள் இரண்டு பேருக்கும் விடுமுறை” என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னார். எனக்குச் சனிக்கிழமை என்றாள் வியட்நாம் தோழி. எனக்கு முதல் நாள் பின்னேரம்தான் முக்கியம், அது எனக்கு ஏற்கெனவே விடுமுறைதான் என்றாள் சீனத் தோழி. மேலாளரின் முகம் சுருங்கியது. “ஆளுக்கொரு திகதி சொல்கிறீர்களே. உங்களுக்குள் பேசி ஒரு முடிவுக்கு வந்தால் நல்லது” என்றார். இரண்டு நாட்டுக்கும் ஒரு புத்தாண்டு போதும் என்பது அவருடைய முடிவு.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. ஒரு கிழமை கழித்து அறிவிப்புப் பலகையில் சிவப்புக் கடதாசி ஏறியது. சீன மாலை, சனிக்கிழமை, இரவுச் சாப்பாட்டின்போது. ஏன் சனிக்கிழமை என்றால், ஞாயிறு நோர்வேக்காரரின் ஃபாஸ்தலாவ்ன். நோன்புக் காலத்துக்கு முந்தின ஞாயிறு அது, எல்லோரும் பாலாடை அடைத்த இனிப்பு பன் தின்ன வேண்டும், சமையலறைக்கு அந்த வேலையே தலைக்கு மேல். சீனர்கள் ஒரு நாள் தள்ளி நிற்கட்டும். பன்றி வருஷம் என்பதற்காக, நத்தாருக்கு விற்காமல் மிஞ்சிய, மார்ஸிபன் என்ற பாதாம் இனிப்பில் செய்த பன்றிகளை மலிவாக வாங்கி வந்து மேசைகளில் நிறுத்தினார். கடதாசியின் கடைசி வரியில், நம்முடைய சொந்தச் சீனத் தோழி தன் நாட்டு உடையில் வந்து எல்லாவற்றையும் விளக்குவார் என்று எழுதியிருந்தது.

அட்டவணையில் அன்று அவளுக்கு வேலையே இல்லை. ஒரு கிழவரைத் தூக்கவோ ஒரு கட்டிலை விரிக்கவோ அவள் தேவைப்படவில்லை. மேலதிக ஆளாக, காட்சிக்கு நிற்பதற்காகவே அவளைப் போட்டார்கள். அவளுடைய புத்தாண்டை மற்றவர்களுக்குக் கொண்டாடிக் காட்டுவதற்காக, அவளை அவளுடைய புத்தாண்டுச் சாப்பாட்டிலிருந்து எழுப்பிக்கொண்டு வந்தார்கள். மார்ச்சில் ஒப்பந்தம் முடிகிறவள் எப்படி மாட்டேன் என்பாள்? ஓம் என்றாள். அவளுடைய சிவப்புப் பட்டுச் சட்டையையும் முதலிலேயே கொண்டுவந்து காட்டச் சொன்னார் மேலாளர். நிறம் பார்க்கவாம். சட்டை எங்கள் உடைமாற்றும் அறையில் கொளுவியில் தொங்கியது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு எரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை மேலாளரின் அறைக்குப் போனேன். சிவராத்திரி விரதம், வயிற்றில் பச்சைத்தண்ணீர் மட்டும். விரதத்தில் கோபப்படக் கூடாது என்பார்கள். எனக்கு விரதத்தன்றுதான் நாக்கு நீளும். மேலாளரின் கதவடியில் பனிச்சறுக்குச் சப்பாத்துகள் நின்றன. பள்ளிக்கூடங்களுக்குக் குளிர்கால விடுமுறை தொடங்குகிறது, மத்தியானம் குடும்பத்தோடு மலையிலுள்ள தங்கள் மரவீட்டுக்குப் புறப்படுகிறார்கள்.

“நாளைக்கு அவளை விட்டுவிடு” என்றேன். “நான் வேலையில் நிற்கிறேன். மேசையடியில் நான் நின்று தெரிந்ததைச் சொல்கிறேன்.”

“நீ சீனப் பெண் இல்லையே.”

“அவளுடைய அப்பா வந்திருக்கிறார். நாளைக்குப் பின்னேரம் அவரோடு இருந்து சாப்பிட வேண்டும். அதுதான் அவர்களுக்குப் புத்தாண்டு.”

மேலாளர் இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். இணையத்தில் தேடி எடுத்த, சீன அரசாங்கத்தின் அந்த வருஷத்து விடுமுறை அறிவிப்பு. பதினெட்டிலிருந்து இருபத்திநாலு வரை விடுமுறை. அதற்கு மேலே பதினேழு, சனிக்கிழமை. வேலை நாள் என்று போட்டிருந்தது. மஞ்சள் பேனையால் அதைக் கோடிட்டு வேறு வைத்திருந்தார்.

“சீனாவிலேயே நாளைக்கு எல்லோரும் வேலைக்குப் போகிறார்கள். நான் சீன அரசாங்கத்தைவிடத் தாராளமாக இருக்க வேண்டும் என்கிறாயா?”

தாள் பொய் சொல்லவில்லை. தோழி இதை எனக்கு முன்பே சொல்லியிருந்தாள். சட்டப்படி அவர்களுக்குக் கிடைத்தது மூன்றே நாள். ஒரு முழுக் கிழமை விடுமுறை கொடுத்தோம் என்று காட்டுவதற்காக, முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள சனி ஞாயிறுகளைப் பிடுங்கி நடுவில் ஒட்டிவிடுவார்கள். பிடுங்கிய சனி ஞாயிறில் வேலைக்கு வர வேண்டும். அந்த வருஷம் பிடுங்கப்பட்ட சனிக்கிழமை சரியாகப் புத்தாண்டுக்கு முதல் நாளாகப் போய்விட்டது. “கடதாசியிலதான் வேலை நாள்” என்று சிரித்தாள் அவள். “மத்தியானம் தாண்டினால் கந்தோரில் காவலாளிகூட இருக்கமாட்டான். எந்த மேலதிகாரியும் ஏன் போகிறாய் என்று கேட்கமாட்டான், ஏனென்றால் அவன் உனக்கு முதலே போயிருப்பான்.” இதை நான் மேலாளருக்குச் சொன்னேன். சட்டம் சட்டம்தானே என்றார்.

“சரி. டிசம்பர் இருபத்திநாலு உங்கள் கலண்டரில் என்ன நிறம்?” என்று கேட்டேன்.

அவருக்கு விளங்கவில்லை.

“கறுப்பு. இருபத்தைந்துதான் சிவப்பு. சட்டப்படி இருபத்திநாலு விடுமுறை இல்லை. ஆனால் உங்கள் நத்தார் முழுக்க அந்த இருபத்திநாலாம் திகதிப் பின்னேரம்தானே? சாப்பாடு, மரம், பரிசு எல்லாம் அன்றைக்குத்தானே? நீ எப்போதாவது அந்தப் பின்னேரம் இங்கே வேலைக்கு வந்திருக்கிறாயா?”

“அது வேறு.”

“நான் வந்திருக்கிறேன். இங்கே சேர்ந்த நாளிலிருந்து எல்லா வருஷமும். அவளும் வந்திருக்கிறாள். வியட்நாம்காரியும் வந்திருக்கிறாள். உங்களுக்கு அது வீட்டில் இருக்க வேண்டிய பின்னேரம் என்று எங்களுக்கு யாரும் தாள் காட்டிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.”

“அது வேறு” என்றார் திரும்பவும். “அது இந்த நாட்டு வழக்கம். நிலையான திகதி. உங்களுடைய நாட்கள் வருஷா வருஷம் இடம் மாறுகின்றன, நான் என்ன செய்ய முடியும்?”

“ஈஸ்டர் ஏன் இடம் மாறுகிறது? நாளையின்றைக்கு, ஞாயிறு, நீங்கள் பன் தின்கிற நாள் ஏன் போன வருஷம் அதே திகதியில் வரவில்லை? அதுவும் சந்திரன்தான். பௌர்ணமி பார்த்துத்தான் உங்கள் ஈஸ்டரை வைக்கிறார்கள்.”

அது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரியாதது குற்றமில்லை. தெரிந்த பிறகும் முகத்தில் ஒரு அசைவும் இல்லாததுதான் எனக்குத் தாங்கவில்லை. தன்னுடைய சந்திரன் கலண்டரில் இருக்கிறது, மற்றவர்களுடைய சந்திரன் தொந்தரவு.

“நீ ஏன் இவ்வளவு கோபப்படுகிறாய்?” என்று கேட்டார். “இது உன்னுடைய பண்டிகைகூட இல்லையே. உங்களுக்காகத்தான் இதையெல்லாம் செய்கிறேன். வேறு இடங்களில் உங்கள் பண்டிகைகளை யார் கவனிக்கிறார்கள்?”

கண் கலங்கி நிற்கிற ஒருவரை மேற்கொண்டு என்னவென்று ஏசுவது? அவருக்கு உண்மையாகவே மனம் நொந்திருந்தது. கொடுத்ததை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லாத சனம் என்று அந்தக் கண்ணில் எழுதியிருந்தது. கதவை அடித்துச் சாத்திவிட்டு வந்தேன்.

சீனத் தோழியும் அன்று பகல் வேலைதான். நடந்ததைச் சொன்னதும் என் கையைப் பிடித்தாள். “விட்டுவிடு. அப்பாவுக்குச் சொல்லிவிட்டேன். வேலையென்றால் வேலைதானே என்றார்.” சொல்லிவிட்டு அவள் துவாய்களை மடிக்கப் போய்விட்டாள். வேறு எந்த அப்பா சொல்லியிருந்தாலும் எனக்கு அந்த வார்த்தை இப்படிக் குத்தியிருக்காது. வாழ்நாள் முழுக்க அந்த வார்த்தையைச் சொல்லி ரயிலேறிய மனிதர், கடைசியில் மகளுக்காக மேசையடியில் இருக்க வந்த இடத்தில் அதை அவரே சொல்ல வேண்டியதாயிற்று.

பின்னேர வேலைக்கு வியட்நாம் தோழி வந்தபோது மேலாளர் புறப்பட்டுப் போய்விட்டார். நானும் சீனத் தோழியும் உடைமாற்றும் அறையில் நின்றோம். என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டாள். சொன்னேன். அவள் குளிர்ச்சட்டையைக் கழற்றி மாட்டினாள். பக்கத்துக் கொளுவியில் தொங்கிய சிவப்புச் சட்டையைத் தன் தோளோடு வைத்து அளவு பார்த்தாள்.

“எனக்குக் காணும்” என்றாள். “நாளைக்கு நீ வராதே. நான் போடுகிறேன்.”

“மேலாளருக்குத் தெரிந்தால்?” என்றாள் சீனத் தோழி.

“அவ மலையில். படம் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறா, படத்தைத்தான் பார்க்கப் போறா. இவ்வளவு வருஷமாக அவவுக்கு நாங்கள் இரண்டு பேரும் ஒருத்திதானே?”

அது மிகைப்படுத்தல் இல்லை. நடையில் இவளைக் கண்டால் அவள் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், அவளுடைய லீவை இவளோடு கதைப்பார். முதலில் திருத்திப் பார்த்தார்கள், பிறகு அலுத்துப்போய் இரண்டு பெயருக்கும் இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டார்கள். ஒருத்தி என் காதளவு, மற்றவள் என்னைவிட உயரம். சீனத் தோழிக்குக் கண்ணாடி, வியட்நாம் தோழிக்கு நாடியில் மச்சம். பார்க்கிறவருக்கு இது போதாதா?

“உனக்கும் நாளைக்குப் புத்தாண்டுதானே” என்று சீனத் தோழி தயங்கினாள்.

“என்னுடையது போய்விட்டது. எங்கள் முதல் நாள் சாப்பாடு இன்றைக்கு இரவு, நான் இங்கே நிற்கிறேன். நாளைக்குப் புத்தாண்டு, அன்றைக்கும் இங்கேதான். இரண்டும் போனவளுக்கு ஒரு சட்டை கூடினால் என்ன? போ, போய் அந்த மீனை வாங்கு.”

வீட்டில் இதைக் கேட்ட என் மனுசன் கோயிலுக்கு வெளிக்கிட்டபடியே தலையில் கை வைத்தார். “இஞ்சரும், உமக்கேன் இந்த ஊர்ச்சண்டை? பிடிபட்டால் மூண்டு பேருக்கும் வேலை போகும்.”

“போனாப் போகட்டும். நீங்கள் வெளிக்கிடுங்கோ, நேரமாகுது.”

“சிவராத்திரியும் அதுவுமாக...”

“ஓம், அதுவுமாகத்தான்” என்றேன். அவர் சப்பாத்தை மாட்டிக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டார்.

சனிக்கிழமைப் பின்னேரம் பனி கொட்டியது. சமையலறை அனுப்பியது உறைபெட்டியில் கிடந்த ரோல்ஸ், ஒரு வாளி இனிப்புச் சோஸ். முள்ளுக்கரண்டியையே பிடிக்க முடியாமல் கை நடுங்குகிற சனத்துக்கு முன்னால் மரக்குச்சிகளைச் சோடி சோடியாக வைத்திருந்தார்கள். நானும் வியட்நாம் தோழியும் அன்றைய வழக்கமான வேலை முழுவதையும் செய்தோம். அதற்கு மேல் அவள் ஓடிப்போய்ச் சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து மேசைகளுக்கு நடுவில் நின்றாள். சீனாவில் பன்றி வருஷம் பிறக்கிறது என்றாள். எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள், கதவைச் சாத்திக்கொண்டு ஒன்றாக இருந்து சாப்பிடுகிறார்கள் என்றாள். அதை வியட்நாமின் புத்தாண்டு நாளில், வீட்டுக்குப் போக முடியாத ஒருத்தி, இன்னொருத்தியின் சட்டையில் நின்று சொன்னாள். குரலில் ஒரு பிசகும் இல்லை. கேட்டுக்கொண்டு நின்ற எனக்குத்தான் குச்சிகளை அள்ளிக் குப்பையில் கொட்ட வேண்டும்போல இருந்தது.

ஐந்து மணியானது. ஒஸ்லோவில் ஐந்து என்றால் பெய்ஜிங்கில் நள்ளிரவு. லில்லெஸ்ட்ரோமில் அப்பாவும் மகளும் சாப்பிட்டு முடித்திருப்பார்கள் என்று நினைத்தேன். அப்போதுதான் ஜன்னலோரக் கதிரையில் இருந்த கிழவர் ஒருவர் கையைத் தூக்கினார். மறதி நோய் முற்றியவர். தன் மகனையே யாரென்று கேட்பவர்.

“நீ எனக்கு இரவு மாத்திரை தருகிறவள் அல்லவா?” என்றார். “எப்போதிருந்து சீனக்காரியானாய்?”

“இன்றைக்கு மட்டும்” என்றாள் அவள்.

அவர் தலையாட்டிவிட்டு ரோலைக் கையால் எடுத்துக் கடித்தார். அவருக்குத் தெரிந்திருந்தது. நான் மேலாளர் விட்டுப்போன கமராவில் படம் எடுத்தேன். முகம் தெளிவாக விழவேண்டும் என்று கிட்டப்போய், மச்சம் தெரிய எடுத்தேன். ஒளித்துச் செய்வதாக இருந்தால் தூர நின்று எடுத்திருக்க வேண்டும். பார்க்கட்டும், கண் இருந்தால் பார்க்கட்டும் என்று இருந்தது எனக்கு.

எல்லாம் முடிந்து எல்லோரையும் படுக்க வைத்த பிறகு, அவள் சமையலறையில் சட்டியைக் கழுவியபடி மிஞ்சிக் கிடந்த ரோல் ஒன்றை எடுத்துத் தின்றாள். அன்று அமாவாசை விரதத்தில் இருந்த எனக்கும் நீட்டினாள். இறைச்சி ரோல் என்று சொன்னேன். சிரித்தோம்.

விருந்து எப்படி நடந்தது என்று சீனத் தோழி திங்கட்கிழமை சொன்னாள். சமையல் முழுக்க அப்பாவே. மீனை முழுசாக அவிக்கச் சட்டி போதாமல் வாலை மடித்து வைத்தாராம். சாப்பிடும்போது ஜன்னலுக்கு வெளியே ரயில் போகிற ஒவ்வொரு தடவையும் கை மணிக்கூட்டைப் பார்த்திருக்கிறார். கடைசியில் அவள் எழுந்து திரைச்சீலையை இழுத்து மூடினாளாம். அதன் பிறகுதான் ஒழுங்காகச் சாப்பிட்டார் என்றாள். வராமலே சம்பளம் வாங்கிக்கொண்ட அந்தப் பின்னேரத்துக்குப் பதிலாக, பிறகொரு நாள் பேசாமல் வந்து ஒரு பின்னேரம் முழுக்க வேலை செய்துவிட்டுப் போனாள். அப்படிப்பட்டவள்.

விடுமுறை முடிந்து மேலாளர் வெயிலில் சிவந்த முகத்தோடு வந்தார். படத்தைப் பெரிதாக்கி அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். கீழே சீனத் தோழியின் பெயரை, எழுத்துப்பிழை இல்லாமல் இந்தத் தடவை, பெரிதாக எழுதினார். பிறகு அவளைக் கட்டியணைத்தார்.

“பார்த்தாயா, உன்னால் முடிந்ததே. இதில் எவ்வளவு அழகாக இருக்கிறாய்.”

“நன்றி” என்றாள் அவள்.

கைக்கெட்டும் தூரத்தில் வியட்நாம் தோழி மேசை துடைத்துக்கொண்டிருந்தாள். மேலாளர் அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, உனக்கும் ஞாயிறு நன்றாகப் போனதா என்று கேட்டார். படம் அவளுடைய தலைக்கு நேர் மேலே இருந்தது.

நாங்கள் வென்ற நாள் அது. சிரித்திருக்க வேண்டும். அன்று மத்தியானம் மற்ற இரண்டு பேரும் சிரிக்கவும் செய்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம் இரண்டு மடங்காகியது. பிடிபடுவோம் என்று உள்ளுக்குள் நான் எதிர்பார்த்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. பிடிபட்டிருந்தால், ஏசியிருந்தால், வேலை போயிருந்தால்கூட, ஒரு தடவையாவது இந்த முகம் வேறு அந்த முகம் வேறு என்று அவர் பார்த்திருக்கிறார் என்று இருந்திருக்கும். ஒருவரும் எங்களைப் பார்ப்பதில்லை என்பதை வைத்துத்தான் நாங்கள் அந்தப் பின்னேரத்தை எடுத்தோம். இதிலே என்ன வெற்றி?

மார்ச்சில் ஒப்பந்தம் நீண்டது. சீன மாலைக்கு அவள் காட்டிய ஆர்வத்தையும் மேலாளர் ஒரு காரணமாகச் சொன்னார். அப்பா திரும்பிப் போகிறார் என்று கேள்விப்பட்டு, படத்தின் ஒரு பிரதியை உறையில் போட்டு, ஊரில் காட்ட அவருக்குப் பெருமையாக இருக்கும் என்று சொல்லி அவளிடம் கொடுத்தனுப்பினார்.

அடுத்த நாள் உடைமாற்றும் அறையில் மூன்று பேரும் இருந்தோம்.

“படத்தைக் கொடுத்தாயா?” என்று கேட்டேன்.

“கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கனநேரம் பார்த்தார். இது நீ இல்லையே என்று அவர் கேட்கவில்லை. இது யார் என்றும் கேட்கவில்லை.” அவள் கொளுவியிலிருந்து குளிர்ச்சட்டையை எடுத்தாள். “இந்தப் பிள்ளை அன்றைக்கு எங்கே சாப்பிட்டது என்று கேட்டார்.”

வியட்நாம் தோழி குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

“இங்கேதான் என்று சொல்லு” என்றாள். “நின்றுகொண்டு.”